புழுக்கை சொன்ன சாட்சி: காட்டு இரலைகளுக்கு மரபணுக் குறிப்பான் பிறந்த வரலாறு



வரலாற்றுக் கட்டுரை என்றதும் அரசர், போர், ஒப்பந்தம், சுதந்திரம் என்றுதான் நம் மனம் ஓடுகிறது. ஒரு கருவிக்கும் வரலாறு உண்டு. ஒரு கேள்விக்கும் வரலாறு உண்டு. இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கப்போவது ஒரே ஒரு கேள்வியின் வரலாறு: அடர்ந்த காட்டுக்குள் ஒளிந்து வாழும் ஒரு விலங்கை நேரில் பார்க்காமலேயே, அது இருக்கிறதா, எத்தனை இருக்கிறது, எதற்கு எது உறவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு விடை தேட மனிதனுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. கடைசியில் விடை கிடைத்த இடம் எது தெரியுமா? விலங்கின் புழுக்கை! சிரிக்காதீங்க. ஆட்டுப் புழுக்கை போலத் தரையில் கிடக்கும் அந்தச் சிறு உருண்டைகளை வைத்துத்தான், அழிவின் விளிம்பில் நிற்கும் ஒரு விலங்கைப் பற்றி இன்று முடிவுகள் எடுக்கப்படுகின்றன. எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

1. இரலை வேறு, மான் வேறு

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பேச்சு வழக்கில் கொம்பும் மெல்லிய காலும் உள்ள எதையும் நாம் ‘மான்’ என்று சொல்லிவிடுகிறோம். விலங்கியலில் இரண்டு தனித்தனிக் குடும்பங்கள் உள்ளன. மானின் கொம்பு கிளைவிடும். ஆண்டுதோறும் விழுந்து மறுபடி முளைக்கும். இரலையின் கொம்பு கிளைவிடாது, விழாது. ஆடு மாடுகளின் கொம்பைப் போல உள்ளே எலும்பும் வெளியே கெட்டியான உறையும் கொண்டது. காரணம், இரலைகள் ஆடு மாடுகளோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்த உறவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் நடுவில் இதுதான் திருப்பத்தைத் தரப்போகிறது.

‘இரலை’ நாம் புதிதாக உருவாக்கிய கலைச்சொல் அல்ல. தொல்காப்பிய மரபியலில் புல்வாய்க்குரிய ஆண்பாற் பெயராக இச்சொல் இடம்பெற்றுள்ளது. சங்கப் பாடல்களிலும் வருகிறது. இன்று சில நூல்கள் ‘மறிமான்’ என்றும் எழுதுகின்றன. இந்தக் கட்டுரையில் ‘இரலை’ என்றே வைத்துக்கொள்வோம்.

இரலை என்றதும் ஆப்பிரிக்கப் புல்வெளியில் கூட்டமாக ஓடும் விலங்குகள்தான் தொலைக்காட்சி வழியாக நமக்குப் பழக்கம். அவற்றை விமானத்தில் பறந்துகொண்டே எண்ணிவிடலாம். ஆனால் மழைக்காட்டுக்குள் வாழும் இரலைகளும் உண்டு. மத்திய, மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் சிறிய டைக்கர்கள் ஒரு வகை. அவற்றில் நீல டைக்கர் ஐந்து கிலோ எடை வந்தாலே பெரிது. மறுபக்கம் போங்கோ. செம்பழுப்பு உடல், அதில் வெள்ளைக் கோடுகள், ஆண் பெண் இரண்டுக்கும் முறுக்கிய கொம்பு. காட்டில் வாழும் இரலைகளிலேயே பெரியவற்றுள் ஒன்று. இவ்வளவு பெரிய விலங்கே பத்தடி தூரத்துப் புதருக்குள் நின்றால் கண்ணுக்குப் படாது என்றால், டைக்கரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

2. கொம்பும் தோலும் மட்டுமே சாட்சியாக இருந்த காலம்

போங்கோவுக்கு 1837இல் அறிவியல் பெயர் வைக்கப்பட்டது. வைத்தவர் வில்லியம் ஓகில்பி. அந்தப் பெயருக்கு ‘அகன்ற கொம்பு’ என்று பொருள். கென்யாவின் மலைக்காடுகளில் வாழும் போங்கோவைத் தனித் துணையினமாக 1902இல் விவரித்தவர் லண்டனில் பணியாற்றிய ஓல்ட்ஃபீல்ட் தாமஸ். அந்தக் காலத்து ஆய்வு முழுவதும் அருங்காட்சியகத்தில்தான் நடந்தது. வேட்டைக்காரர்கள் அனுப்பிய மண்டை ஓடு, கொம்பு, தோல் ஆகியவற்றை மேசையில் வைத்து அளப்பார்கள். நிறம் எப்படி, கோடு எத்தனை, கொம்பின் வளைவு எவ்வளவு என்று குறிப்பார்கள்.

இந்த முறையில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, விலங்கைக் கொன்றால்தான் தகவல் கிடைக்கும். இரண்டு, கிடைக்கும் தகவல் ‘இப்படி ஒரு விலங்கு இருந்தது’ என்பதோடு நின்றுவிடும். காட்டில் மிச்சம் எத்தனை என்பதைக் கொம்பு சொல்லாது.

இதற்கிடையே காட்டில் நிலைமை மாறிக்கொண்டே இருந்தது. 1890களில் ஆப்பிரிக்காவைத் தாக்கிய வெக்கை நோய் கால்நடைகளோடு காட்டு விலங்குகளையும் வாரிக்கொண்டு போனது. பின்னர் மரம் வெட்டுவதற்காகவும் பயிரிடுவதற்காகவும் மலைக்காடுகள் சுருங்கின. நாய்களை வைத்து வேட்டையாடுவது போங்கோவுக்குப் பெரும் ஆபத்தாக அமைந்தது. நாய்கள் துரத்தினால் போங்கோ வெகுதூரம் ஓடாமல் நின்று எதிர்க்கப் பார்க்கும். வேட்டைக்காரனுக்கு அது வசதியாகிவிடும். கென்ய அரசு 1977இல் வேட்டையைத் தடை செய்தது. ஆனாலும் திருட்டு வேட்டை நிற்கவில்லை.

1960களிலும் 1970களிலும் கென்யாவின் மலைக்காடுகளில் பிடிக்கப்பட்ட சில போங்கோக்கள் அமெரிக்க, ஐரோப்பிய மிருகக்காட்சிச்சாலைகளுக்கு அனுப்பப்பட்டன. அப்போது அது சாதாரணச் செய்தி. பிற்காலத்தில் இந்தச் சிறு கூட்டம்தான் இனத்தின் காப்புறுதி ஆகப்போகிறது என்று அன்று பலரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

3. பிறர் பட்டறையில் செய்த கருவிகள்

இப்போது காட்டை விட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு வாங்க. காட்டு இரலை ஆய்வுக்குப் பயன்பட்ட கருவிகள் எவையும் முதலில் இரலைக்காகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. எல்லாம் கடன் வாங்கியவை.

முதல் கடன், பழ ஈயிடமிருந்து. 1966இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் லெவொன்டினும் ஹபியும் பழ ஈக்களின் புரதங்களைக் கூழ் ஒன்றில் வைத்து மின்சாரம் பாய்ச்சிப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரே இனத்துக்குள்ளேயே மரபு வேறுபாடு நிறைய இருக்கிறது என்பது தெரிந்தது. வேறுபாட்டை அளக்க முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் இதற்கு இரத்தமோ தசையோ வேண்டும். மறைந்து வாழும் விலங்கிடம் அதை எப்படி வாங்குவது?

இரண்டாவது கடன், நாம் எல்லாரும் அறிந்த பி.சி.ஆர். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனை நினைவிருக்கிறதா? அதே முறைதான். 1983இல் கேரி மல்லிஸ் என்ற அமெரிக்கருக்குத் தோன்றிய எண்ணம் இது. 1993இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மிகச் சிறிதளவு டி.என்.ஏ. இருந்தாலும், நமக்கு வேண்டிய பகுதியை மட்டும் கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்கிவிடலாம். எங்கிருந்து எதுவரை படியெடுக்க வேண்டும் என்று காட்டுவதற்கு ‘தொடக்கி’ எனப்படும் குட்டி டி.என்.ஏ. துண்டுகள் இரண்டு தேவை. சரியான தொடக்கி இல்லையென்றால் வேலை நடக்காது.

மூன்றாவது கடன், குற்றப் புலனாய்விலும் மருத்துவத்திலும் பயன்பட்ட அடையாளம் காணும் முறை. 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ், ஒவ்வொருவரின் டி.என்.ஏ.விலும் தனித்துவமான கோட்டு வடிவம் இருப்பதைக் கண்டார். 1989இல் வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள், பி.சி.ஆர். கொண்டு எளிதாகப் படிக்கக்கூடிய ‘மைக்ரோசாட்டிலைட்’ எனும் குறும் மீள்வரிசைகளை அறிமுகப்படுத்தின.

இது என்ன மீள்வரிசை? தமிழ் மாணவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது ரொம்ப சுலபம். ‘சலசல’, ‘படபட’ என்ற இரட்டைக்கிளவிகளைப் படித்திருக்கிறோம். இரட்டைக்கிளவியில் அசை இரண்டு முறைதான் வரும். டி.என்.ஏ.வின் சில இடங்களில் இரண்டு எழுத்துகள் ‘சலசலசலசல’ என்று பத்துப் பதினைந்து தடவை அடுக்கி வரும். எத்தனை தடவை என்பது விலங்குக்கு விலங்கு மாறும். ஒன்றுக்கு 12, இன்னொன்றுக்கு 15. தாயிடமிருந்து ஓர் எண்ணிக்கை, தந்தையிடமிருந்து ஓர் எண்ணிக்கை என ஒவ்வொரு விலங்கும் இரண்டைப் பெற்றிருக்கும். இந்த எண்ணிக்கைதான் குறிப்பான்.

நான்காவது கடன், மாட்டுக் கொட்டகையிலிருந்து. நல்ல பால் மாடு, நல்ல இறைச்சி மாடு வளர்க்க வேண்டும் என்பதற்காக மாட்டின் மரபணு வரைபடத்தை உருவாக்க நிறையப் பணம் செலவிடப்பட்டது. 1994இல் அந்த வரைபடங்கள் வெளிவந்தன. இரலையை யார் வளர்த்துப் பால் கறக்கப்போகிறார்கள்? அதற்கென்று அவ்வளவு பணம் வராது. இங்கேதான் நாம் முன்பு பார்த்த குடும்ப உறவு கைகொடுத்தது. மாட்டுக்காக உருவாக்கிய தொடக்கிகள் செம்மறியாட்டிலும் வேலை செய்வதை 1991இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பின்னர் அவற்றை மான், இரலை என்று மற்ற இரட்டைக் குளம்பு விலங்குகளிலும் சோதித்தார்கள். பல வேலை செய்தன, பல செய்யவில்லை. உறவு நெருங்க நெருங்க வாய்ப்பு கூடும் என்பது விதி. போங்கோ மாட்டுக் கிளைக்கு நெருங்கிய உறவு. டைக்கரோ ஆட்டுக் கிளைக்குப் பக்கம்.

ஐந்தாவது கடன், கரடியிடமிருந்து. 1992இல் இத்தாலியில் வாழும் பழுப்புக் கரடியின் எச்சத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பெருக்கிக் காட்டியது ஓர் ஆய்வுக்குழு. அதில் இருந்தவர்களுள் ஒருவர் ஸ்வான்டே பாபோ. 2022இல் நோபல் பரிசு பெற்றவர். குடல் வழியாக வரும்போது எச்சத்தின் மேற்பரப்பில் குடல் சுவரின் உயிரணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. அந்த உயிரணுக்களில் விலங்கின் டி.என்.ஏ. இருக்கிறது. விலங்கைப் பிடிக்கவும் வேண்டாம், பார்க்கவும் வேண்டாம்.

கவனித்தீர்களா? ஈ, மனிதன், மாடு, கரடி என்று சுற்றி வந்த பிறகுதான் அறிவு இரலையிடம் வந்து சேர்ந்தது.

4. குறிப்பானைச் செதுக்குவது எப்படி?

“சரி ஐயா, கருவி எல்லாம் வந்துவிட்டது. அப்புறம் என்ன சிரமம்?” என்று நீங்கள் கேட்கலாம். சிரமமே இனிமேல்தான்.

புழுக்கையிடம் நாம் மூன்று கேள்விகள் கேட்கலாம். நீ எந்த இனம்? நீ எந்தத் தனி விலங்கு? நீ எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்? மூன்றுக்கும் வேறு வேறு குறிப்பான் வேண்டும்.

இனத்தைக் கண்டுபிடிக்க இழைமணி டி.என்.ஏ. ஏற்றது. ஓர் உயிரணுவுக்குள் இதன் படிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பழைய புழுக்கையிலும் கொஞ்சமாவது மிஞ்சும். ஆனால் இது தாயிடமிருந்து மட்டுமே வருவது. தந்தை யார் என்று சொல்லாது. தனி விலங்கை அடையாளம் காண்பதற்கு உட்கருவில் உள்ள மைக்ரோசாட்டிலைட் தேவை. ஒரே ஒரு குறிப்பான் போதாது. நம் மலேசிய அடையாள அட்டை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 12 இலக்கங்கள். ஏதோ ஓர் இலக்கத்தை மட்டும் சொன்னால் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. பல இலக்கங்கள் சேர்ந்தால்தான் ஒருவர். அதுபோலப் பல குறிப்பான்கள் சேர்ந்தால்தான் ஒரு விலங்கு.

வேலை நடக்கும் வரிசை இதுதான். காட்டில் புழுக்கையை எடுத்து, ஈரம் நீக்கும் சிலிக்கா மணிகளிலோ சாராயத்திலோ (எத்தனால்) போட்டு வைப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் மேற்பரப்பைச் சுரண்டி டி.என்.ஏ.வைப் பிரிப்பார்கள். மாடு, ஆடு இவற்றின் தொடக்கிகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். வேலை செய்யும் தொடக்கிகளுள், எல்லா விலங்குக்கும் ஒரே விடை தருபவற்றை ஒதுக்குவார்கள். எல்லாரும் ‘12’ என்றால் அதில் அடையாளம் ஏது? வேறுபாடு காட்டுபவைதான் தேறும். போதவில்லை என்றால் அந்த இரலையின் டி.என்.ஏ.வையே படித்துப் புதிய தொடக்கிகளை வடிவமைக்க வேண்டும்.

மழைக்காடு இந்த வேலைக்கு ஒத்துழைக்காது. மழை கழுவிவிடும். பூஞ்சை பிடிக்கும். சாணவண்டு உருட்டிக்கொண்டு போய்விடும். இரலை தின்ற இலைகளில் உள்ள வேதிப்பொருள்கள் பி.சி.ஆர். வேலையையே தடுக்கும்.

இவற்றைவிட ஆபத்தான சிக்கல் ஒன்று உண்டு. டி.என்.ஏ. மிகக் குறைவாக இருந்தால், தாய் தந்த எண், தந்தை தந்த எண் இரண்டில் ஒன்று மட்டும் படியெடுக்கப்பட்டு மற்றொன்று விடுபட்டுவிடும். பிரான்சின் பியர் தபெர்லே குழு 1996இல் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி சொன்னது: ஒரே மாதிரியைப் பல குழாய்களில் தனித்தனியாகத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும், விடை ஒத்துப்போனால் மட்டுமே ஏற்க வேண்டும்.

இந்தச் சிறு தவறு ஏன் பெரிய விஷயம்? ஒரே போங்கோ இரண்டு இடங்களில் புழுக்கை போடுகிறது என்று வையுங்கள். ஒன்றைப் படிக்கும்போது ஓர் எண் விடுபட்டால், கணினி அதை வேறொரு விலங்கு என்று சொல்லும். ஒன்று இரண்டாகிவிடும். ஒரு பேச்சுக்கு, 60 விலங்குகள் உள்ள காட்டில் 80 இருப்பதாக அறிக்கை போகும். ‘பரவாயில்லை, கூடியிருக்கிறது’ என்று அதிகாரிகள் நிம்மதியாகக் காவலைக் குறைத்தால் என்ன ஆகும்? ஆய்வுக்கூடத்துப் பிழைக்குக் காட்டில் விலங்கு விலை கொடுக்கும்.

5. டைக்கர்கள் கற்றுத்தந்த பாடம்

நீண்ட காலமாகக் காட்டு இரலைகளைக் கணக்கெடுத்தவர்கள் புழுக்கையின் அளவையும் வடிவத்தையும் பார்த்து ‘இது இன்ன விலங்கு’ என்று குறித்துவந்தார்கள். அனுபவம் உள்ள வழிகாட்டி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது நம்பிக்கை. தான்சானியாவின் உட்சுங்வா மலைக்காடுகளில் இந்த நம்பிக்கையை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். 2009இல் முடிவு வெளியானது. களத்தில் கண்ணால் பார்த்துச் சொன்ன பெயரும் டி.என்.ஏ. சொன்ன பெயரும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. அந்தக் காட்டில் அபட் டைக்கர் வாழ்கிறது. உலகில் தான்சானியாவில் மட்டுமே உள்ள அரிய இனம். அதன் புழுக்கை என்று நாம் எண்ணுவது வேறொன்றின் புழுக்கையாக இருந்தால், கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும் அல்லவா?

மத்திய ஆப்பிரிக்காவில் சிக்கல் இன்னும் கடினம். அங்கே ஒரே காட்டில் பல டைக்கர் இனங்கள் சேர்ந்து வாழ்கின்றன. உருவம், நிறம், புழுக்கை எல்லாம் நெருக்கமானவை. 2001இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இழைமணி டி.என்.ஏ.வை வைத்து டைக்கர்களுக்குள் நான்கு கிளைகள் இருப்பதைக் காட்டினார்கள். அந்த உறவு மரம் ஒப்பிடுவதற்கு ஓர் அடிப்படையாக அமைந்தது. 2010இல் கபோனைச் சேர்ந்த ஸ்தெஃபான் ந்தியே முதன்மை ஆசிரியராக இருந்த குழு, மத்திய ஆப்பிரிக்கக் காட்டின் இரட்டைக் குளம்பு விலங்குகளைப் புழுக்கையிலிருந்து இனங்காணும் முறையை வெளியிட்டது.

இதன் பயன் கணக்கெடுப்போடு முடியவில்லை. மத்திய ஆப்பிரிக்காவில் காட்டு இறைச்சிக்காக அதிகம் வேட்டையாடப்படும் விலங்குகளில் டைக்கர்கள் முக்கியமானவை. சந்தையில் தோலுரித்து, வெட்டி, புகையில் வாட்டி வைத்த இறைச்சியைப் பார்த்து இனத்தைச் சொல்ல முடியாது. டி.என்.ஏ. சொல்லும்.

6. கென்யாவின் மலைப் போங்கோ: கேள்வி உயிர்க்கேள்வியான இடம்

மலைப் போங்கோ இன்று உலகில் கென்யாவில் மட்டுமே காட்டு விலங்காக வாழ்கிறது. அபர்டேர், கென்யா மலை, மாவ், எபுரு ஆகிய காடுகள்தான் அதன் கடைசி இருப்பிடங்கள். 2004இல் அமெரிக்க மிருகக்காட்சிச்சாலைகளிலிருந்து 18 போங்கோக்கள் விமானத்தில் கென்யா மலையடிவாரத்துக்குக் கொண்டுவரப்பட்டன. நாம் முன்பு பார்த்த, பிடித்து அனுப்பப்பட்ட விலங்குகளின் வழித்தோன்றல்கள் இவை. பேரப்பிள்ளைகள் தாய்மண்ணுக்குத் திரும்பியது போல.

அதே காலகட்டத்தில் உள்ளூர்த் தடம் பார்ப்போர் காடு காடாக நடந்து போங்கோவின் சுவடுகளையும் புழுக்கைகளையும் தேடத் தொடங்கினார்கள். தானியங்கிக் கேமராக்களும் வைக்கப்பட்டன. ஆனால் சுவட்டையும் புழுக்கையையும் மட்டும் நம்பினால் ஏமாந்துபோக வாய்ப்பு உண்டு. அதே காடுகளில் வேறு இரலைகளும் நடமாடுகின்றன. எனவே இங்கிலாந்து, கென்ய ஆய்வாளர்கள் சேர்ந்து நான்கு பகுதிகளிலிருந்தும் புழுக்கைகளைச் சேகரித்து, இழைமணி டி.என்.ஏ. கொண்டு சோதித்தார்கள். 2011இல் ஆய்வு வெளியானது. மொத்தம் சுமார் 100 போங்கோக்களே மிச்சம் என்ற மதிப்பீட்டோடு, அவற்றுக்குள் மரபு வேறுபாடு மிகவும் குறைந்திருப்பதும் வெளிச்சத்துக்கு வந்தது.

வேறுபாடு குறைந்தால் என்ன கெட்டுப்போகும் என்று வகுப்பில் கேட்பார்கள். எல்லா விலங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால், ஒரு புது நோய் வரும்போது எதிர்த்து நிற்கக்கூடியது ஒன்றாவது இருக்கும் என்ற உத்தரவாதம் போய்விடும். நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேரும்போது மறைந்திருக்கும் குறைகள் குட்டிகளில் வெளிப்படும். நான்கு காடுகளுக்கும் நடுவே வயலும் ஊரும் சாலையும் வந்துவிட்டதால், ஒரு காட்டுப் போங்கோ மற்றொரு காட்டுக்குப் போய்த் துணை தேடவும் முடியாது.

இப்போது முடிவெடுக்க வேண்டியவர்களின் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். மிருகக்காட்சிச்சாலை விலங்குகளைக் காட்டில் விடலாமா? விட்டால் எதை, எந்தக் காட்டில்? எதற்கு எது அண்ணன் தங்கை என்று தெரியாமல் சேர்த்தால் இருக்கும் குறை கூடிவிடும். சேர்க்காமலே விட்டாலும் கூட்டம் தேய்ந்துகொண்டே போகும். 2017இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, மரபணுத் தொகுதி முழுவதிலும் உள்ள ஒற்றை எழுத்து மாற்றங்களைப் படித்து, கென்யாவில் காட்டிலும் காப்பகத்திலும் உள்ள போங்கோக்களின் உறவு நெருக்கத்தை ஒப்பிட்டது. இழைமணி சொல்லாத விடைகளை இந்தப் புதிய குறிப்பான்கள் தரத் தொடங்கின. 2022இல் காப்பகத்தில் பிறந்த முதல் சில போங்கோக்கள் கென்யா மலைக்காட்டின் வேலியிட்ட சரணாலயத்தில் விடப்பட்டன. 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து மேலும் 17 வந்து இறங்கின. ஒவ்வொரு சேர்க்கைக்குப் பின்னாலும் ‘யாருக்கு யார் உறவு’ என்ற கேள்வி நிற்கிறது.

7. நம் வட்டாரத்தில் ஒரு எச்சரிக்கை

ஆப்பிரிக்கா தூரம்தான். ஆனால் தென்கிழக்காசியாவிலும் இதற்கு நெருக்கமான கதை ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. 1992இல் வியட்நாமின் வு குவாங் காட்டில் ஆய்வு செய்தவர்கள், வேட்டைக்காரர் வீடுகளில் நீண்டு நேரான விசித்திரக் கொம்புகளைக் கண்டார்கள். அறிவியலுக்கு அதுவரை தெரியாத பெரிய விலங்கு அது. உள்ளூரில் அதன் பெயர் சாவோலா. நூல் நூற்கும் சக்கரத்தின் தாங்குகட்டைகளைப் போன்ற கொம்பு என்பதால் வந்த பெயர். பார்வைக்கு அச்சு அசல் இரலை. ஆனால் டி.என்.ஏ. அதை மாடு, எருமை இருக்கும் கிளையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. தோற்றத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

சாவோலாவைத் தேட, நம் தோட்டப்புறத்துப் பெரியவர்களுக்கு நன்கு தெரிந்த ஓர் உயிரைக்கூடப் பயன்படுத்திப் பார்த்தார்கள்: அட்டை! அட்டை குடித்த இரத்தத்தில் விலங்கின் டி.என்.ஏ. மாதக்கணக்கில் தங்கும். 2012இல் வெளிவந்த ஆய்வில் வியட்நாம் காட்டு அட்டைகளிலிருந்து அரிய முயல், சிறு மான், செரோ ஆகியவற்றின் தடயம் கிடைத்தது. மலேசியாவின் சுண்ணாம்புக் குன்றுகளில் ‘கம்பிங் குருன்’ என்று அழைக்கப்படும் விலங்கும் இந்தச் செரோ வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் அந்த அட்டைகளில் சாவோலா கிடைக்கவில்லை.

2025இல் சாவோலாவின் மரபணுத் தொகுதி ஆய்வு வெளியானது. வேட்டையாடப்பட்ட 26 விலங்குகளின் எச்சங்களைப் படித்ததில், 5,000 முதல் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இரண்டு கூட்டங்களாகப் பிரிந்துவிட்டன என்று தெரிந்தது. ஒரு கூட்டம் இழந்த மரபு வேறுபாடு மற்றதில் இருக்கிறது. இரண்டிலிருந்தும் சேர்த்து ஒரு டஜன் விலங்குகளாவது கிடைத்தால் இனத்தை மீட்க வழி உண்டு என்றார்கள். வழி தெரிந்துவிட்டது. விலங்குதான் கிடைக்கவில்லை. காட்டில் சாவோலா கடைசியாகக் கேமராவில் பதிவானது 2013இல். உலகில் எந்த மிருகக்காட்சிச்சாலையிலும் ஒன்றுகூட இல்லை.

8. முடிவாக

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். குறிப்பான்கள் பிறந்த காரணங்கள் வேறு. அவை இரலைக்குப் பயன்பட்டது பிற்பாடு. அந்தத் தாமதத்திற்குள் காடு சுருங்கியது, கூட்டம் தேய்ந்தது. மாட்டுக்கு 1994இல் வரைபடம் கிடைத்தது. மலைப் போங்கோவின் புழுக்கை ஆய்வு 2011இல்தான் வெளியானது. போங்கோவுக்கு அறிவு கடைசி நேரத்திலாவது வந்து சேர்ந்தது. சாவோலாவுக்கு வந்ததா என்று சொல்ல இன்னும் காட்டுக்குள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

குறிப்பான் உண்மையைச் சொல்லும் சாட்சி மட்டுமே. காட்டில் கண்ணி வைப்பவனை அது தடுக்காது, வெட்டிய மரத்தை நடாது. ஆனால் சாட்சி இல்லாமல் நல்ல தீர்ப்பும் எழுத முடியாது. புழுக்கையைப் பொறுக்கக் குனிந்த தடம் பார்ப்போரையும், ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்பச் சோதித்த ஆய்வாளர்களையும் நாம் மதிப்பது அதனால்தான்.

மாணவர்களே, தேர்வில் ‘அறிவியல் வளர்ச்சியும் இயற்கைப் பாதுகாப்பும்’ போன்ற தலைப்பு வந்தால் பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். ஒரே ஒரு விலங்கை எடுத்துக்கொண்டு, காரணம், வளர்ச்சி, விளைவு என்று ஆண்டுகளோடு எழுதுங்கள். கருத்து தானாக நிமிர்ந்து நிற்கும்.

கலைச்சொற்கள்

இரலை: விழாத, கிளைவிடாத கொம்புடைய, ஆடு மாடுகளின் குடும்பத்து விலங்கு.
புழுக்கை: ஆடு, மான், இரலை போன்றவை இடும் சிறு உருண்டை எச்சம்.
மரபணுக் குறிப்பான்: இனத்தையோ தனி உயிரையோ அடையாளம் காட்டும் டி.என்.ஏ. பகுதி.
இழைமணி: உயிரணுவுக்கு ஆற்றல் தரும் உறுப்பு, இதன் டி.என்.ஏ. தாய்வழி மட்டும் வரும்.
தொடக்கி: பி.சி.ஆர். முறையில் படியெடுக்க வேண்டிய இடத்தைக் காட்டும் குட்டி டி.என்.ஏ. துண்டு.

சிந்திக்கவும் எழுதவும்

1. மாட்டுக்காக உருவாக்கிய தொடக்கிகள் இரலைக்கும் பயன்பட்டதன் காரணத்தை விளக்குக.
2. புழுக்கையைக் கண்ணால் பார்த்து இனங்காணும் முறையில் உள்ள குறை யாது? உட்சுங்வா ஆய்வைச் சான்றாகக் காட்டுக.
3. ஆய்வுக்கூடத்தில் நேரும் சிறு பிழை, விலங்குப் பாதுகாப்பை எவ்வாறு பாதிக்கும்?
4. ‘மலைப் போங்கோவைக் காப்பாற்ற மிருகக்காட்சிச்சாலை விலங்குகளைக் காட்டில் விடுவது சரியே.’ ஏற்றோ மறுத்தோ வாதிடுக.